அவர் பிடுங்கிய பூ

ஜாலான் புசார் காப்பிக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்த அந்த மனிதர், சிங்கப்பூர் வெயிலிலும் பனிமலைத் தொப்பியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு படத்தைக் காட்டும் முன்னும் கைப்பேசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எல்லாம் இமயமலையில், மரங்கள் முடிந்துபோகும் உயரத்தில் எடுத்த காட்டு ஆர்க்கிட் பூக்கள். எதற்கும் அவருக்குப் பெயர் தெரியாது. அதற்காகத்தான் தாவரவியல் ஆசிரியராக இருந்த என்னைத் தேடிப் பிடித்திருந்தார்.

"இது அபூர்வமா, அங்கிள்?"

கீழிதழ் சிறு பைபோல் உப்பியிருந்தது. அதில் கருஞ்சிவப்புக் கோடுகள். நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த இனம்.

"ரொம்ப அபூர்வம். பூக்கவே பல வருஷம் ஆகும்."

"அப்ப நல்லதாப் போச்சு லா! படம் எடுத்ததும் பிடுங்கிப் போட்டுட்டேன். பின்னாடி வர்றவனும் எடுத்துட்டா நம்ம படத்துக்கு என்ன மதிப்பு?"

"வேரோடயா?"

"எப்பவும் அப்படித்தான்."

இவ்வளவு அற்பமான மனிதரை நான் கண்டதில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்க" என்றுதான் வந்தது.

அனுப்பினார். வெட்கத்தோடு எழுதுகிறேன்: அதை இன்றும் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும் முன் கைப்பேசியைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறேன்.