ஸ்டெல்லா அக்கா செய்த கடைசிச் சாயம்

இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டவள் நான். இப்போது எழுத வந்திருப்பதற்கு நம் ஆய்வகத் தலைவர் சாரும் மற்ற எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

ஞாயிறு காலை என் போனில் ஸ்டெல்லா அக்காவின் பெயர் வந்தது. எடுத்தவுடன், "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். பேசியது அவர் தம்பி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, அனகாபுத்தூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். முப்பத்தாறு வயது. தம்பி சொல்லச் சொல்ல, நான் "சரிக்கா, சரிக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

தாம்பரத்தில் உள்ள நம் ஆய்வகத்தில், புற்றுநோய்ப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைப்பது அக்காவின் வேலை. நான் சேர்ந்த புதிதில், பளிச்சென்று தெரியட்டுமே என்று சாயத்தை அள்ளி ஊற்றினேன். "கட்சித் தலைவருக்குப் போடற மாதிரி மாலைய அடுக்காதடி. கண்ணு மறைஞ்சா அவரு எப்படி நடப்பாரு?" என்றார். சாயம் மிஞ்சினால் ஆன்டிபாடிக்குத் தன் புரதமே தெரியாது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கூட்டங்களில் வாய் திறக்க மாட்டேன். "நீ பேசினா இங்க கண்ணாடி ஒண்ணும் உடையாது" என்று டீ குடிக்கும்போது கிண்டல் செய்வார்.

போன வெள்ளிக்கிழமை, ஆறு வாரம் பாடுபட்டு அவர் செய்த புதுச் சாயத்தைப் பூசிய திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் நான்தான். எங்கும் இருட்டு. மாலைக் கூட்டத்தில் தோல்வி என்று பதிவேட்டில் எழுதினார்கள். "என் கையிலதான் எங்கயோ தப்பு" என்று மட்டும் அக்கா சொன்னார்.

பம்மலுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது. மைக்ரோஸ்கோப் காலியாகும்வரை அந்தத் திசுக்கள் இருந்த தட்டை மூடாமல் ஜன்னலோரம் வைத்திருந்தேன். மதிய வெயில் நேராக அதன்மேல் விழும் இடம். சாயம் வெயிலில் வெளுத்துவிடும் என்பது முதல் நாள் பாடம். போன் செய்யப் பயம். திங்கட்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சாயத்தைத் துளித்துளியாக, கலக்கிக்கொண்டே விடும் அவர் பழக்கம் என் கைக்கும் வந்திருக்கிறது. அது என்னிடம் இருக்கும். ஆனால் அந்தத் தோல்வி அவருடையதல்ல, என்னுடையது. பதிவேட்டில் அப்படித் திருத்துங்கள்.

இன்னும் ஒன்று, சார். அவர் கையால் பெயரெழுதி, வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றிய குழாய் ஒன்றில் அதே சாயம் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் உள்ள அவர் பெட்டியைக் காலி செய்யுமுன் அதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அந்தச் சோதனையை நான் செய்ய வேண்டாம். வேறு யாராவது செய்யட்டும்.