ஷவுகத் அலியின் மிதிபடகு

ஷவுகத் அலியைப் படகு கொன்றுவிட்டது என்று எங்கள் ஊர் கோவில்பதாகையில் இன்றும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது நல்ல படகு. நானே ஏறிப் போயிருக்கிறேன்.

பூந்தமல்லியிலிருந்து வந்து எங்கள் ஏரிக்கரையில் சைக்கிள் கடை போட்டவன் அவன். அவன் பெண்சாதி நசீம் பானு அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ரயிலடி ஏரிக்கு அந்தப் பக்கம். கரையைச் சுற்றி நடந்து போனால் காலை ரயில் அடிக்கடி தப்பிவிடும். பிந்திப் போனவளைக் கம்பெனியில் உள்ளே விட மாட்டார்கள்.

அதற்காகத்தான் படகு செய்தான். காலித் தார் டிரம் இரண்டை வாய் அடைத்து, பலகை போட்டுச் சேர்த்தான். மேலே ஒரு பழைய சைக்கிள் சட்டம். மிதித்தால் சங்கிலி ஓடி, தகரத் துடுப்பு வைத்த சக்கரம் தண்ணீரைத் தள்ளும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் பின்னால் சுக்கான் திரும்பும். முதல் தடவை ஒரு பக்கம் சாய்ந்து அவனைத் தண்ணீரில் கொட்டியது. நீச்சல் தெரியாதவன், இடுப்பளவுத் தண்ணீரிலேயே அலறினான். பிறகு டிரம்களை ஒன்றுக்கொன்று இன்னும் தள்ளி அகலமாகக் கட்டினான். அப்புறம் அது சாயவே இல்லை.

ஏரி மடையைத் திறந்து மூடுகிறவன் என் தம்பி கன்னியப்பன். அவன் படகைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பாய், இது பின்னால போவுமா?"

"சைக்கிள் பின்னாலயா போவுது அண்ணாத்தே? வளைச்சுத் திருப்பினா போச்சு."

"ரோடு நீ நின்னா நிக்கும். தண்ணி நிக்குமா?"

"நீ போய் மடையைப் பாரு. இதை நான் பாத்துக்கறேன்."

சைக்கிளில் பின்னால் மிதித்தால் ஃப்ரீவீல் டிக் டிக்கென்று சும்மா சுற்றுமே, அதையே படகிலும் வைத்திருந்தான். வாழ்நாளெல்லாம் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. நசீம் பானு சேலையைச் செருகிக்கொண்டு மிதித்துப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஃபாக்டரிக் குவார்ட்டர்ஸ்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து சுற்றினார்கள்.

எண்பத்தைந்து மழையில் ஏரி நிறைந்தது. உபரித் தண்ணீர் வெளியேறக் கரையில் கல் பாவிவிட்ட கலங்கலில் வழிய ஆரம்பித்த காலையிலும் அவள் கிளம்பினாள். பாதி ஏரியில் படகு கலங்கல் பக்கம் தானாக நகர்ந்தது. திருப்பினாள், திரும்பவில்லை. பின்னால் மிதித்தாள். டிக் டிக்கென்ற சத்தம்தான் வந்தது. கலங்கல் கற்களில் படகு குறுக்கே சிக்கி நின்றது. தண்ணீர் அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய் அவளை இழுத்து வந்தான்.

ஷவுகத் அலி முழங்கால் தண்ணீரில் நின்றான். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க அவனால் முடியவில்லை.

அந்த ஃப்ரீவீலைப் பற்றவைத்து இறுக்கினான். இப்போது பின்னால் மிதித்தால் படகும் பின்னால் வந்தது. படகு கிளம்பும் துறையையும் கலங்கலுக்கு வெகுதூரம் தள்ளி மாற்றினான். ஆனாலும் அவள் ஏற வந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஏறாத பானு."

"அப்ப தெனம் தோள்ல தூக்கிகினு போறீங்களா? வுடுங்க, நேரமாவுது."

விட்டான். ஆனால் ஹேண்டில்பாரில் ஒரு மணி பூட்டினான். அக்கரை சேர்ந்ததும் அவள் அடிக்க வேண்டும். தண்ணீர் மேல் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்கும். அது கேட்கும்வரை கடை திறக்க மாட்டான், கையிலிருக்கும் டீயைக் குடிக்க மாட்டான். வருஷக்கணக்காக இப்படியே.

"இன்னா பாய், மணி அடிச்சாதான் உனக்குப் பொழுது விடியுமா?" என்று கேலி செய்தேன்.

"கேக்கலன்னா கால் நடுங்குதுக்கா" என்றான். அதற்கப்புறம் நான் கேலி செய்யவில்லை.

தொண்ணூற்று மூன்று மார்கழியில் ஒரு காலை, பனி ஏரியை முழுசாக மூடியிருந்தது. அவள் போய்விட்டாள். மணி கேட்கவில்லை. ரயில் வரும் சத்தம் கேட்டுப் படகைக் கட்டிவிட்டு ஓடினாளாம், அடிக்க மறந்துவிட்டாளாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அவன் "பானு, பானு" என்று பனியைப் பார்த்துக் கூப்பிட்டான். நான் குடத்தோடு கரையில் நின்றிருந்தேன்.

"ரயில் சத்தத்துல கேட்டிருக்காது பாய். கொஞ்சம் இரு."

"அன்னிக்கு நின்னுட்டேங்கா" என்றான்.

சொல்லிக்கொண்டே இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. அப்புறம் பனியில் அவன் தலை தெரியவில்லை. குரல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட ஓடினேன். கன்னியப்பன் தேடிக் கொண்டுவந்தபோது கால்களில் அல்லிக்கொடி சுற்றியிருந்தது. உயிர் இல்லை.

நசீம் பானுவைத் தேடிப் போன ஆளுக்குக் கம்பெனி பெயர் தெரியவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தான். சாயங்காலம் அவள் தானாகத்தான் வருவாள். அவள் பெடலில் கால் வைப்பதற்குள் யாராவது சொல்ல வேண்டும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் கரையைச் சுற்றி நடந்துபோய்ப் படகுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ரயில் வந்தது. சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, இந்த வயசுல படகுல போவ ஆசையா? வா, ஏறு."

கட்டியிருந்த கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

"சுத்தி நடந்தே போலாம் பானு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, கரைமேல் ஏறி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.