ஏழு உடுப்புப் பாட்டு

கல்யாண வீட்டில் பாட உட்கார்ந்தால் வஜீஹா அக்காவுக்குப் பொறுமை கிடையாது. மணப்பெண் ஏழு உடுப்பு மாற்றி, ஏழு முறை பெண்கள் நடுவே சுற்றி வருவாள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு பாட்டு. கடைசி அடியை மட்டும் வாங்கிப் பாடும் பெண்களில் ஒருத்தி ஒரு வார்த்தையை மாற்றிவிட்டால் போதும், அக்கா கையை உயர்த்தி மணப்பெண்ணையே நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவாள்.

"யாருடி அது, நீலத்துக்குப் பாடச் சொன்னா மஞ்சளுக்குப் பாடுறது? கண்ணு அவிஞ்சு போச்சா?"

மாமியார்க்காரிகள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள். அலெப்போவில் எங்கள் பக்கத்துக் கல்யாணம் எதுவும் அவள் இல்லாமல் நடந்ததில்லை. நான் ரஸ்மியா, முப்பது வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தஃப் மேளம் அடித்தவள். அடிப்பது மட்டும்தான் என் வேலை. பாட்டு என் காது வழியாக வந்து கை வழியாகப் போய்விடும். மனப்பாடம் பண்ணி வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை, அவள்தான் இருக்கிறாளே.

பெண் பாடுவது ஆண்கள் காதில் விழுந்தால் குடும்பத்துக்கு மானக்கேடு; ஆண்கள் யாரும் அவள் பாடிக் கேட்டதில்லை. அவளுடைய அண்ணன் ஹிக்மத்துக்கு அவள் பாடப் போவது தெரியும். அவர் கண்டுகொள்ளமாட்டார், அவளும் பேச்சை எடுக்கமாட்டாள். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்தவர் அவர்தான். புருஷனும் விட்டுப் போன பின் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள். பெருநாள் காலையில் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

தொண்ணூற்றாறில் அக்காவின் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் குரல் போனாலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே என் வீட்டுக்கு வந்தாள்.

"உன்கிட்ட டேப் ரிகார்டர் இருக்குல்ல?"

மறுநாள் காலை ஜன்னல் சந்துகளில் தலையணைகளைச் செருகினோம். அவள் பாடினாள், நான் அடித்தேன். ஐந்தாவது பாட்டில் இருமல் வந்து, முதலிலிருந்து எடுத்தாள். ஏழும் முடிந்ததும் கேசட்டை என் மடியில் போட்டாள்.

"இதை வச்சுப் பொண்ணுங்க கத்துக்கட்டும். ஆம்பளை ஒருத்தன் காதுல விழுந்துச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"எனக்கென்ன பைத்தியமா அக்கா?"

பைத்தியம்தான். வேறென்ன சொல்வது?

ஆபரேஷன் முடிந்து வந்தவளிடம் குரல் இல்லை. கிசுகிசுப்பு மட்டும், அதுவும் பாதி காற்று. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருப்பது ஒரே ஒரு கேசட். நாடா சிக்கி அறுந்தால் என்ன செய்வது? கீழ்வீட்டு ஃபுவாத் இசைப் பள்ளியில் வாத்தியார். மெட்டை எழுத்தில் எழுதி, நகலும் எடுத்துத் தருகிறேன் என்றார். கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வானொலியில் அவள் குரல் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்த ஃபுவாத்துக்கு அது பெருமை. ஊரின் பழைய பாட்டைக் காப்பாற்றிவிட்டாராம். "அவங்க பெயரைச் சொல்லலையே சின்னம்மா" என்று என்னிடம் சிரித்தார். பெயர் எதற்கு? பாட்டைக் கேட்ட ஒவ்வொருத்தியும் "நம்ம வஜீஹா" என்றாள். பக்கத்தில் புருஷன் இருந்தான், மகன் இருந்தான். ஹிக்மத் முடிவெட்டும் கடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "உங்க தங்கச்சிக்கு நல்ல தொண்டை" என்றிருக்கிறான் எவனோ. பாதி வெட்டிய முடியோடு எழுந்து போய்விட்டார்.

அடுத்து வந்த பெருநாளன்று நான் போனபோது அக்கா புது உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் பேரீச்சை அடைத்த மாவுப் பலகாரம் அப்படியே இருந்தது. காபி ஆறிக் கிடந்தது. மதியத் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை கதவையே பார்த்தாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள்.

"கேசட்டைக் குடு."

ஃபுவாத்திடம் ஓடினேன். நகல் எங்கே என்றேன். "அடுத்த வாரம் எடுக்கலாம்னு இருந்தேன். வானொலிக்காரங்களும் இதையேதான் ஓட்டிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று கேசட்டை என் கையில் வைத்தார். மெட்டு எழுதியதைக் கேட்டேன். அதையும் அடுத்த வாரம்தான் எழுதப் போகிறாராம். அந்த ஆளைச் சபிக்கவும் எனக்கு வாய் இல்லை.

கேசட்டை வாங்கிக்கொண்டு, பொதுக் குளியல் கூடத்தின் வெந்நீர் அடுப்புக்கு அவளே நடந்தாள். நான் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனேன்.

"அக்கா, உன் தொண்டையும் போச்சு. இதுவும் போனா அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"எனக்கு அண்ணன் வேணும்டி."

நாடா சுருண்டு எரிந்தது. அடுத்த பெருநாளுக்கும் ஹிக்மத் வரவில்லை.

"வார்த்தையையாவது சொல்லு, எழுதி வைக்கிறேன்" என்று ஒருநாள் கேட்டேன். "எதுக்கு? இன்னொரு தடவை வானொலியில விடவா?" என்றாள். சொன்னாலும் மெட்டைக் கிசுகிசுப்பில் எப்படிப் பிடிப்பது?

போன வருஷம் என் தம்பி மகளின் கல்யாணம். வற்புறுத்தி அவளை அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஆறு உடுப்புக்கும் குலவை மட்டும் போட்டார்கள். ஏழாவது உடுப்பில் பெண் வந்து நின்றாள். மண்டபமே எங்களைப் பார்த்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் அடிக்கத் தொடங்கினேன். கைக்கு எல்லாம் நினைவிருந்தது, ஒரு அடி பிசகவில்லை. பெண் சுற்ற ஆரம்பித்தாள். அக்காவின் உதடுகள் அசைந்தன. பெண்கள் எல்லாரும் முன்னே சாய்ந்தார்கள். காற்று மட்டும்தான் வந்தது.

அவள் கையை உயர்த்தினாள், முன்பு தப்பு வந்தால் உயர்த்துவது போலவே. பெண் நடுக்கூடத்தில் நின்றாள். அக்கா அந்தக் கையை என் தஃப்பின் தோல்மேல் வைத்து அழுத்தினாள்.

"அடிக்காதே ரஸ்மியா. நீ அடிச்சா எனக்கு எல்லாம் ஞாபகம் வருது."

யாரோ கடையில் வாங்கிய கேசட் ஒன்றைப் போட்டார்கள். பெண் மறுபடி சுற்றத் தொடங்கினாள்.