தவ்ஃபீக் போட்ட கட்டம்

திருவொற்றியூரில் சேறாகக் கிடந்த நிலத்தில் சாம்பலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டி மைதானமாக்கியவர்கள் தவ்ஃபீக்கும் அவன் தோஸ்து உதயாவும்தான். டால்பின்ஸ் கால்பந்துக் கிளப் அங்கேதான் பிறந்தது. உதயா செயலாளர் ஆனான். தவ்ஃபீக் கோல் காத்தான்; முட்டி போன பிறகு, ஆட்டத்துக்கு முந்தின நாள் சுண்ணாம்புக் கோடு போட்டான். வேறு எவன் கைபட்டாலும் திட்டுவான்.

போன சனிக்கிழமை உதயா வந்தான். "மாமு, சின்னப் பசங்களுக்கு டோர்னமென்ட் கீது. கிரவுண்டு பூரா நீட்டு நீட்டா கட்டம் போட்டுடு."

இவ்வளவு ஒடுங்கிய கட்டத்தில் எவன் பந்தாடுவான் என்று தவ்ஃபீக்குக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் உதயாவிடம் என்ன கேள்வி? வெயிலில் கயிறு பிடித்துப் போட்டு முடித்தான்.

மறுநாள் காலை, ரெஃபரியாக நிற்க விசிலை மாட்டிக்கொண்டு போனான். கட்டத்துக்கு ஒன்றாகக் கன்டெய்னர் லாரிகள் நின்றன. கோல் கம்பங்களைப் பிடுங்கி மூலையில் போட்டிருந்தார்கள்.

"இன்னாடா இது?"

"வாடகைக்கு வுட்டாச்சு மாமு. நேத்தே சொல்லியிருந்தா நீ கோடு போட்டிருப்பியா?" என்றான் உதயா, சிரித்துக்கொண்டே.

தவ்ஃபீக் ஃபவுலுக்கு ஊதுவதுபோல் மூச்சைக் கூட்டி விசிலை ஊதினான்.

பின்னால் இடத்துக்குக் காத்து நின்ற லாரிக்காரன் தனக்குத்தான் சைகை என்று நினைத்து, ரிவர்ஸ் எடுத்து, கோல் இருந்த இடத்தில் மிச்சமிருந்த கட்டத்தின் கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்தினான்.