சாக்பீஸ் கோடு

மணலில் நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டினால் ராஜவேலின் பழைய டீசல் ஜீப் முரண்டு பிடிக்கும். தவளக்குப்பத்தில் இரண்டு மெக்கானிக்குகள் கியர்பாக்ஸை மாற்றியும் பலனில்லை. 2006இல், கடைசி முயற்சியாக, ரெட்டியார்பாளையம் யாகூப் பாயிடம் கொண்டுவந்தார்.

“மறுபடி கியர்பாக்ஸையா கழட்டப் போறீங்க?”

பாய் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்திலும் அதைச் சுழற்றும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஷாஃப்ட் ஐந்தேகால் சுற்றைத் தாண்டி நின்றது. பின்பக்கம் அதே இரண்டு சுற்றுக்கு நாலேகால்தான்.

“பின்னாடி ஆக்சில் மாத்துனீங்களா?”

ராஜவேலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய இரும்புக் கடையில் வாங்கிப் போட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“பாக்க ஒண்ணா இருந்துச்சு பாய்.”

“வெளிய ஒண்ணுதான். உள்ள கியர் பல்லு கணக்கு வேற. முன்னாடி ஒரு வேகம், பின்னாடி ஒரு வேகம். நடுவுல கியர்பாக்ஸ் என்னா பண்ணும்?”

பொருத்தமான ஆக்சில் கிடைக்கப் பத்து நாளானது. இம்முறை ராஜவேலே சக்கரத்தைச் சுற்றி எண்ணினார். முன்னும் பின்னும் கோடு ஒரே இடத்தில் வந்து நின்றது. கோயிலில் நிற்பதுபோல் நின்றவர், சாவியை நீட்டினார்.

“மொதல்ல நீங்க ஓட்டுங்க பாய்.”

பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க.”