எந்த ஈயம்?

என் கணவருக்கு விஷத்தில்தான் உத்தியோகம். சர்க்கார் ரசாயனக்கூடத்தில், செத்தவர் வயிற்றில் என்ன இருந்தது என்று பார்த்துச் சொல்வார். அது போதாதென்று, உயிரோடிருப்பவர் வயிற்றுக்குள் என்னென்ன போகிறது என்றும் ஆராயத் தொடங்கினார். சாயங்காலம் கிணற்றடியில் குளித்த பிறகுதான் மாமியார் அவரை உள்ளே விடுவார். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி, மலையாளச் சீமையில் கிழக்கேகோட்டை அக்ரகாரத்துக்கு வந்த புதிது.

அப்போது ஊரில் பலருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலி. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் கலாய் பூசுகிறவர்களில் சிலர் வெள்ளீயத்தோடு மலிவான காரீயத்தையும் கலக்கிறார்கள், புளி பட்டால் அது கரைந்து உடம்பில் சேருகிறது என்று இவர் கண்டுபிடித்தார். மேலதிகாரி ஒரு மலையாளி. சந்தோஷப்பட்டு, பழவங்காடிப் பக்கத்து வாசகசாலையில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார். இவரும் மலையாளத்தில் பேசினார். மலையாளத்தில் வெறுமே ஈயம் என்றால் காரீயம். எங்கள் தெருவில் ஈயம் என்றால் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு, அது வெள்ளீயம். தெரு ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கலாய் பற்றிய பேச்சு முழுவதையும் தூங்கிக் கழித்துவிட்டு, "ஈயம் விஷமாணு" என்ற இடத்தில் மட்டும் விழித்துக்கொண்டார்கள்.

மறுநாள் தெருவில் ஒரு வீட்டிலும் ஈயச்சொம்பு அடுப்பேறவில்லை. என்னுடையதை மாமியார் பரணில் ஏற்றினார். என் அம்மா தன் அடுப்பிலிருந்து இறக்கி, கரியைத் தேய்த்து, என் கையில் கொடுத்த சொம்பு அது. சீரோடு வந்த மற்றதெல்லாம் இந்த வீட்டுக்கு. அது ஒன்றுதான் எனக்கு. காரீயம் இல்லாமலே என் வயிறு எரிந்தது.

"ஏன்னா, ஈயம் விஷம்னு பேசினேளாமே?"

"ஆமா. நன்னாப் பேசினேன்னு எல்லாரும் சொன்னா" என்றார் பெருமையாக.

"அப்போ இத்தனை நாளா நான் எதுல ரசம் வெச்சுப் போட்டேன்?"

"சொம்புல."

"எந்தச் சொம்புல?"

அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "நான் சொன்னது காரீயம்டி. மலையாளத்துல ஈயம்னா அதானே?"

"நம்மாத்து அடுக்களை மலையாளத்துலயா இருக்கு? போய் அம்மாகிட்ட சொல்லுங்கோ, இந்தச் சொம்புல விஷம் இல்லேன்னு."

மனிதர் தலையைச் சொறிந்தார். "சொம்பு பண்றவனும் கலப்பான். சோதிக்காம எப்படிச் சொல்றது?"

பொய் சொல்லத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. சோதிக்கவும் நேரமில்லை, அவர் மேஜையில் வேறு யாருடைய வயிறோ காத்திருந்தது.

அதன்பின் ரசம் பித்தளைப் பாத்திரத்தில். புதிதாகக் கலாய் பூசியது. எங்கள் தெருவில் அதைக் கலாய் என்றே சொல்வார்கள், ஈயம் என்று சொல்லாததால் மாமியாருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கலாய் சங்கதி எனக்கும் அப்போது தெரியாது. இலையில் விழுவது எந்தப் பாத்திரத்திலிருந்து வருகிறது என்று பார்க்கிற வழக்கம் இவருக்கு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பழைய பாத்திரக்காரன் வந்தான். சொம்பைப் பரணிலிருந்து இறக்கிய பிறகுதான் மாமியாருக்குக் கிழமை நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது. "இன்னு வெள்ளியாழ்ச்சயாணு. நாளெ வா" என்று அவனை அனுப்பினார்.

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் போய், "நாளைக்கு அது போயிடும். என்னையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கோ" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு கத்தியோடு அடுக்களைக்குள் நுழைந்து, சொம்பின் அடியைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்தார். அப்போதுதான் அடுப்பின் மேலிருந்த பித்தளைப் பாத்திரம் கண்ணில் பட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதன் உட்புறத்தையும் சுரண்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆத்துலேர்ந்து ஈயம் வெளியில போறதா?" என்றார் மாமியார்.

"விஷம்தானேம்மா போறது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போகும்போது என்னிடம், "திராவகத்துல கரைச்சு ஒரு மருந்து விடுவேன். மஞ்சளாப் படிஞ்சா காரீயம்" என்றார்.

அன்றைக்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மஞ்சள் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு சுமங்கலி வேண்டிக்கொள்ளக் கூடியதா அது? பிள்ளையாரே குழம்பியிருப்பார்.

சாயங்காலம் அவர் குளிக்காமலே கிணற்றடியில் நின்று, "மஞ்சள் விழுந்துடுத்து" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினேன்.

"மஞ்சள் விழுந்தா மங்களம்தானே? எதுக்கு அழறா?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"மங்களம் உன் பித்தளைப் பாத்திரத்துலம்மா. இத்தனை நாளும் காரீயத்தைத்தான் குடிச்சிருக்கோம். சொம்புல ஒண்ணும் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்."

"எதுக்குத் திரும்பத் திரும்ப?" என்றேன் மூக்கை உறிஞ்சியபடி.

"உங்கம்மா குடுத்ததாச்சே" என்றார் தணிந்த குரலில். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய மலையாளத்தை மன்னித்துவிட்டேன்.

மறுநாள் பாத்திரக்காரனுக்குப் பித்தளை போயிற்று. மாமியார் சொம்பைத் தன் கையாலேயே துலக்கி என் முன் வைத்து, "தண்ணி விடாம அடுப்புல வைக்காதே, உருகிடும்" என்றார், நான் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல. அவர் எதிரில் இல்லாவிட்டால் அந்தச் சொம்பைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

இவர் சாப்பிட்டெழுந்த பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். மாமியார் கை குவித்து ரசத்தை வாங்கிக் குடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு ஒரு கல் கம்மி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டிக்குக் கையை நீட்டினார்.