கழற்றி வைத்த கடிகாரம்

பாலசுந்தரம் இடது மணிக்கட்டில் இருக்கும் தோல்பட்டியின் கொக்கியை விடுவிக்கிறார். கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போடுகிறார். முகத்துவாரத்திலிருந்து வந்த மீன்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்கிறார்.

"முந்தநாள் செத்த பாரையை இண்டைக்குத் துள்ளுது எண்டு சொல்லுறீரே, உமக்குக் கண் தெரியேல்லையோ, எனக்குத் தெரியேல்லையோ?"

உள்ளேயிருந்து சரோஜினிதேவி எட்டிப் பார்க்கிறார். கணவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. மணிக்கட்டைத்தான் பார்க்கிறார். வெயில் படாத ஒரு வெளிறிய வளையம் அங்கே தெரிந்தால், அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வர வேண்டும்.

அது மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த கடிகாரம். கல்யாணமான முதல் மாதமே பஸ் நடத்துநரோடு மிச்சக் காசுக்கு நடந்த சண்டையில் கம்பியில் அடிபட்டு அதன் கண்ணாடி உடைந்தது. அன்றிலிருந்து எந்தச் சண்டைக்கும் முதலில் கடிகாரத்தைக் கழற்றுவார். இதுவரை ஒருவரையும் அடித்ததில்லை. ஆனாலும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர் கை மணிக்கட்டுக்குப் போனால் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த பௌஸி, "வெலகுங்க, வெலகுங்க, வாட்ச் கழண்டுட்டு!" என்று கூவுவார். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

வானொலி, மின்விசிறி, தொலைக்காட்சி திருத்துவதுதான் பாலசுந்தரத்தின் தொழில். தெருவோரச் சாக்கடைக் கான் அடைத்தால், குழாயில் தண்ணீர் நின்றால், மாநகரசபைக்குப் போய்ச் சத்தம் போடுவது அவருடைய இன்னொரு தொழில். "இவ்வளவு கத்துறதுக்கு அண்ணை நீங்களே எலெக்‌ஷன் கேக்கலாமே," என்றார் பக்கத்து வீட்டுப் பெண் பேர்ணடெற். விளையாட்டாகச் சொன்னதுதான். அந்த ஆண்டு மாநகரசபைத் தேர்தலில் சுயேச்சைக் குழு ஒன்றில் பாலசுந்தரத்தின் பெயரும் இருந்தது.

குழுவுக்குத் தொலைக்காட்சி விவாதத்தில் ஓர் இடம் கிடைத்தது. நேரடி ஒளிபரப்பு. எதிரணியில் புதுக்கடை நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர். சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றும் மனிதர். பாலசுந்தரத்தைப் பேச அனுப்புவதா என்று குழுவிலேயே சண்டை வந்தது. அந்தச் சண்டையிலும் கடிகாரம் கழன்றது.

சரோஜினிதேவிக்குத் தேர்தல் பெரிதில்லை. பாலசுந்தரத்தின் தம்பி மகன் நேசன் வவுனியாவுக்குப் போகிறேன் என்று புறப்பட்டு ஒரு வருடமாக எந்தத் தகவலும் இல்லை. அவன் இயக்கத்துக்குப் போய்விட்டானோ என்று விசாரிக்கப் பொலிஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போயிருந்தது.

"தோத்தாலும் பரவாயில்லை," என்றார் கணவரிடம். "நேசனைப் பற்றி அந்த லோயர் கட்டாயம் கேப்பான். கோவத்திலை ஒரு சொல்லு விட்டியளெண்டா, விடிய வாசலிலை ஜீப் நிக்கும். விளங்குதோ?"

"ஓம், ஓம். விளங்குது."

அந்த வாரம் முழுவதும் பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. பேர்ணடெற் வழக்கறிஞராக உட்கார்ந்தார். அவருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

"மிஸ்டர் பாலசுந்தரம், என்ர ஃபேன் தந்து ஆறு மாசம். அதைத் திருத்த ஏலாத நீங்க கொழும்பைத் திருத்தப் போறீங்களோ?"

"எடியே, அந்த மோட்டர் எரிஞ்சு போச்செண்டு உனக்கு எத்தினை தரம்..."

"கை! கையைப் பாருங்கோ!" என்று சரோஜினிதேவி கத்துவார். கொக்கி பாதி கழன்றிருக்கும். மூவரும் சிரித்துவிடுவார்கள். பேர்ணடெற் இப்போது கனடாவில் இருக்கிறார். சீனி கூடிய தேநீரும் அந்தச் சிரிப்புமாக வீடு நிறைந்திருந்த பின்னேரங்கள் சரோஜினிதேவிக்கு இன்றும் நினைவுக்கு வருகின்றன. பயமும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

விவாதத்துக்குப் புறப்படும்போது சரோஜினிதேவி வாசலில் மறித்துக் கையை நீட்டினார்.

"அதைக் கழட்டித் தந்திட்டுப் போங்கோ."

"நேரம் பாக்க வேண்டாமே?"

"அங்கை பெரிய மணிக்கூடு இருக்கும். தாங்கோ."

கடிகாரம் கையில் இல்லாவிட்டால் சண்டையைத் தொடங்க அவருக்கு வழி தெரியாது என்று சரோஜினிதேவி கணக்குப் போட்டிருந்தார்.

வீட்டுக்குத் திருத்த வந்திருந்த யாரோ ஒருவருடைய தொலைக்காட்சிப் பெட்டியில் தெருவே கூடி விவாதத்தைப் பார்த்தது. கான், குப்பை, குழாய் என்று நன்றாகத்தான் போயிற்று. வழக்கறிஞர் சிரித்தார்.

"ஐயா சேவை செய்ய வந்திருக்கிறார், சந்தோசம். ஐயாவின்ர தம்பி மகன் இப்ப எங்கை, என்ன சேவையிலை இருக்கிறார் எண்டும் சொன்னால் நல்லது."

திரையில் பாலசுந்தரத்தின் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போயிற்று. விரல்கள் கொக்கியைத் தேடின. வெறும் தோல். இன்னொரு தடவை தேடின. பிறகு அந்த இடத்தையே இறுகப் பிடித்துக்கொண்டன. மடியில் இருந்த கடிகாரத்தைச் சரோஜினிதேவியும் அப்படித்தான் பிடித்திருந்தார்.

"அவன் எங்கை எண்டு தெரிஞ்சால்," என்றார் பாலசுந்தரம், வீட்டில் ஒருவரும் கேட்டிராத ஒரு தணிந்த குரலில், "முதல்லை அவன்ர தாய்க்குத்தான் ஐயா சொல்லுவன். பிறகு உங்களுக்குச் சொல்லுறன். இப்ப கான் விசயத்தைக் கதைப்பம்."

பௌஸிகூட ஒன்றும் கூவவில்லை.

தேர்தலில் அவர் தோற்றார். ஜீப் வரவில்லை.

விவாதம் முடிந்து அன்று திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இடது கையை மனைவியிடம் நீட்டினார். வெளிறிய வளையத்தின் மேல் நகத் தடங்கள் சிவந்திருந்தன. சரோஜினிதேவி கடிகாரத்தைக் கட்டினார். வழக்கமான துளைக்குப் போன ஊசியை வெளியே எடுத்து, ஒரு துளை தளர்த்திப் பூட்டினார்.